நெஞ்சை அதிரவைத்த வல்கன், கரும்புகை கக்கிய கான்பெரா... பழைய குண்டுவீச்சு விமானங்களை மக்கள் ஏன் மறப்பதில்லை?

காட்டுப்பள்ளி, பழவேற்காடு பக்கம் இருப்பவர்களுக்கு இந்தக் காட்சி பழகிப்போன ஒன்று. ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் கிளம்பும் நாளில் கடற்கரையில் நின்றால் முதலில் தெரிவது வெளிச்சம். நெருப்புக் கோடு மேலே ஏறிக்கொண்டே போகும். சத்தமே இருக்காது. ராக்கெட் புள்ளியாகிப் போன பிறகுதான், அதுவும் காற்று இந்தப் பக்கம் வீசினால்தான், அடிவயிற்றில் உறுமல் மாதிரி ஒன்று வந்து சேரும். காட்டுப்பள்ளியிலிருந்து ஏவுதளம் நேர்கோட்டில் சுமார் 45 கிலோமீட்டர். ஒலி ஒரு கிலோமீட்டரைக் கடக்க ஏறத்தாழ 3 விநாடி ஆகும். கணக்குப் போட்டால் இரண்டு நிமிடத்துக்கும் மேல்.

கண் பார்த்ததற்கும் காது கேட்டதற்கும் நடுவில் இருக்கும் இந்த இடைவெளிதான் விமான சாகச நிகழ்ச்சிகளின் பாதி மாயாஜாலம். அதிலும் 1950-களில் பிறந்த ஜெட் குண்டுவீச்சு விமானங்களைப் பார்த்தவர்களிடம் பேச்சுக் கொடுத்தால், விமானம் எப்படி இருந்தது என்பதை விட அது எப்படி ‘கேட்டது’ என்பதைத்தான் முதலில் சொல்வார்கள். பிரிட்டனில் ‘வல்கன்’ என்ற ஒற்றை விமானத்துக்காக லட்சக்கணக்கானோர் வயல்வெளிகளிலும் சாலையோரங்களிலும் காத்து நின்றார்கள். இந்திய விமானப்படையில் 50 ஆண்டு பறந்த ‘கான்பெரா’வும் அதே காலத்து ஆள்தான். இன்று இரண்டுமே இங்கே வானில் இல்லை. அப்படி என்னதான் இருந்தது அவற்றில்? ஏன் இப்போது பறப்பதில்லை?

சத்தம் வந்த பக்கம் விமானம் இருக்காது

முதலில் ஒரு சின்னக் கணக்கு. மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு ஜெட், உங்களிடமிருந்து ஒரு கிலோமீட்டர் தள்ளிப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் சத்தம் உங்களை வந்தடைய 3 விநாடி. அந்த 3 விநாடிக்குள் விமானம் 750 மீட்டர் முன்னே போயிருக்கும். சத்தம் வந்த பக்கம் தலையைத் திருப்பினால் அங்கே வெறும் வானம். மெரினாவில் 2024 அக்டோபரில் குழந்தைகள் “எங்க, எங்க?” என்று கேட்டுக்கொண்டே இருந்ததற்குக் காரணம் இதுதான். பழக்கப்பட்டவர்கள் சத்தத்தைத் தேட மாட்டார்கள்; அதற்கு முன்னால் தேடுவார்கள்.

பழைய ஜெட்களில் இந்தச் சத்தம் இன்னும் பெரிது. காரணம் இன்ஜின். அக்காலத்து டர்போஜெட் இன்ஜின், உள்ளே இழுத்த காற்று முழுவதையும் எரியறை வழியாக அனுப்பி, மெல்லிய தாரையாக மிக வேகமாகப் பின்னால் தள்ளும். இன்றைய பயணிகள் விமானத்தின் இன்ஜின் அப்படி இல்லை. முன்னால் இருக்கும் பெரிய விசிறி, நிறையக் காற்றை மெதுவாகத் தள்ளுகிறது. உந்துவிசை கிடைத்துவிடும், இரைச்சல் குறையும். 1952-ல் ஜேம்ஸ் லைட்ஹில் என்ற பிரிட்டன் கணிதவியலாளர் இதற்கு ஒரு விதியே சொன்னார்: ஜெட் தாரையின் ஒலிச்சக்தி, அதன் வேகத்தின் எட்டாம் அடுக்குக்கு ஏற்பக் கூடும். புரியும்படி சொன்னால், தாரையின் வேகம் இரண்டு மடங்கானால் ஒலிச்சக்தி 256 மடங்கு!

அந்தச் சத்தத்தில் தாழ்ந்த அதிர்வெண் நிறைய இருக்கும். அதைக் காது மட்டும் கேட்பதில்லை, மார்புக்கூடும் உணர்கிறது. கோயில் திருவிழாவில் பெரிய ஸ்பீக்கர் பக்கத்தில் நின்றவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

வல்கன் ஏன் ஊளையிட்டது?

வல்கனின் முன்மாதிரி முதன்முதலில் பறந்தது 1952 ஆகஸ்ட் 30. அணுகுண்டைச் சுமந்துபோய் சோவியத் யூனியன் மீது போடுவதற்காகவே பிரிட்டன் உருவாக்கிய விமானம் அது. முக்கோண வடிவில் பிரமாண்டமான இறக்கை, அதற்குள்ளேயே புதைந்த நான்கு ஒலிம்பஸ் இன்ஜின்கள். பிற்பாடு கான்கார்டு பயணிகள் விமானத்துக்கு வந்த இன்ஜின் இந்தக் குடும்பத்தின் வாரிசுதான்.

இன்ஜினுக்குக் காற்று போகும் வாய், இறக்கை உடலோடு சேரும் இடத்தில் அகலமாக இருக்கும். விமானி இன்ஜின் வேகத்தைச் சுமார் 90 சதவீதத்துக்கு ஏற்றும்போது அந்த வாயில் காற்று அதிர்ந்து, ஓநாய் ஊளையிடுவது போன்ற ஒரு ஒலி எழும். காலி பாட்டில் வாயில் ஊதினால் வருமே, அந்த வகை. வடிவமைத்தவர்கள் திட்டமிட்டு வைத்தது இல்லை. ஆனால் பார்வையாளர்கள் காத்திருந்தது அதற்குத்தான். சாகச மைதானத்தில் வல்கன் மேலேறும்போது கார் நிறுத்துமிடத்தில் அலாரங்கள் வரிசையாக அலறும் என்பது, அதைப் பார்த்தவர்கள் தவறாமல் சொல்லும் கதை.

இன்னொரு கதையும் உண்டு. 1955 ஃபார்ன்பரோ விமானக் கண்காட்சியில் ரோலி ஃபாக் என்ற சோதனை விமானி, இந்த ராட்சத குண்டுவீச்சு விமானத்தைப் போர் விமானம் மாதிரி தலைகீழாக உருட்டிக் காட்டினார். போட்டிருந்தது விமானி உடைகூட இல்லை, கோட்டு, டை. பார்த்தவர்கள் வாயடைத்துப் போனார்கள். இனி இப்படிச் செய்ய வேண்டாம் என்று அவருக்குச் சொல்லப்பட்டது.

கீழே கைதட்டல், மேலே?

கைதட்டியவர்கள் பலருக்கும் தெரியாத விஷயம் இது. வல்கனில் ஐந்து பேர் போவார்கள். ஆபத்து வந்தால் இருக்கையோடு வெளியே எறியும் ‘எஜெக்‌ஷன்’ வசதி முன்னால் உட்கார்ந்த இரண்டு விமானிகளுக்கு மட்டுமே. பின்னால் இருந்த மூவருக்கு அது கிடையாது. அவர்கள் அடியிலிருக்கும் கதவைத் திறந்து குதிக்க வேண்டும்.

1956 அக்டோபர் 1 அன்று, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து பயணம் முடித்து ஒரு வல்கன் லண்டன் ஹீத்ரோவுக்குத் திரும்பியது. வரவேற்க ஏற்பாடெல்லாம் தயாராக இருந்தது. மோசமான வானிலை, ஓடுபாதைக்கு முன்பே தரை தட்டி விமானம் நொறுங்கியது. முன்னால் இருந்த இருவர் இருக்கையோடு வெளியேறி உயிர் பிழைத்தார்கள். மற்ற நால்வர் இறந்தார்கள். இரண்டு ஆண்டு கழித்து, 1958 செப்டம்பர் 20-ல் சைர்ஸ்டன் தளத்தில் நடந்த சாகசத்தின்போது கூட்டத்தின் கண் முன்னாலேயே ஒரு வல்கன் வானில் உடைந்தது. விமானத்தில் இருந்த நால்வரும் தரையில் மூவரும் பலியானார்கள். வல்கன் பற்றிய நினைவுகளில் இதுவும் அடக்கம். சிலாகிப்பவர்கள் பெரும்பாலும் இதைச் சொல்வதில்லை.

நம்ம கான்பெரா

இந்தியாவின் கதைக்கு வருவோம். கான்பெரா, வல்கனை விட மூத்தது. 1949 மே 13-ல் முதல் பறப்பு. அதே ஆண்டு ஃபார்ன்பரோவில் ரோலண்ட் பீமான்ட் அதைத் தாழ்வாக வளைத்து நெளித்துக் காட்டியபோது, குண்டுவீச்சு விமானம் என்றால் மெதுவாக ஊர்ந்து போகும் என்று நினைத்திருந்த கூட்டம் அசந்துபோனது. இந்தியா 1957-ல் இதை வாங்கத் தொடங்கியது. குண்டு வீச ஒரு வகை, உயரத்தில் பறந்து புகைப்படம் எடுக்க ஒரு வகை, பயிற்சிக்கு ஒரு வகை.

கோவா, ஐ.நா. படைக்காக காங்கோ, 1965 போர், 1971-ல் கராச்சி என்று அது போகாத இடமில்லை. 1999 கார்கில் போரின்போதும் பறந்தது. அந்த மே 21-ல் படம் எடுக்கப் போன ஒரு கான்பெராவை, தோளில் வைத்து ஏவும் ஏவுகணை தாக்கியது. ஒரு இன்ஜின் சேதம். மிச்சமிருந்த ஒற்றை இன்ஜினோடு பத்திரமாகத் தரையிறங்கியது. அப்போது அந்த ரகத்துக்கு வயது 50!

கான்பெராவுக்கும் ஒரு தனி அடையாளம் இருந்தது: கிளம்பும் விதம். இன்ஜினைச் சுழலவைக்க வெடிமருந்துத் தோட்டா பயன்படும். பட்டனை அழுத்தினால் ‘டொப்’ என்று ஒரு வெடி, கரும்புகை, கூடவே தீபாவளி மறுநாள் தெருவில் அடிக்குமே, அந்த மருந்து வாசனை. விமானத்தளங்களில் வேலை பார்த்தவர்கள் கான்பெராவை வாசனையாலேயே ஞாபகம் வைத்திருப்பதற்கு இது காரணம்.

இதிலும் அதே குறை இருந்தது. குண்டுவீச்சு ரகத்தில் விமானிக்கு எஜெக்‌ஷன் இருக்கை உண்டு, மூக்குப் பகுதியில் படுத்துக்கொண்டு குறி பார்க்கும் வழிகாட்டி அதிகாரிக்கு இல்லை.

2007 மே 11-ல் ஆக்ராவில் கான்பெராவுக்கு விடை கொடுத்தார்கள். சரியாக 50 ஆண்டு சேவை. ஒரு துணுக்கு: இதன் வழிவந்த டபிள்யூபி-57 என்ற விமானங்களை நாசா இன்னும் கைவிடவில்லை. 2024 ஏப்ரல் 8 சூரிய கிரகணத்தைத் துரத்திக்கொண்டு பறந்தவை அவைதான்.

ஞாபகம் சொல்வதெல்லாம் நடந்ததா?

இங்கே கொஞ்சம் ஜாக்கிரதை தேவை. அதிர்ச்சியோ பரவசமோ தந்த காட்சியை மனது ஃபிளாஷ் போட்டுப் படம் பிடித்தது போல வைத்திருக்கும் என்று 1977-ல் ரோஜர் பிரவுன், ஜேம்ஸ் குலிக் என்ற இரு உளவியலாளர்கள் எழுதினார்கள். எங்கே நின்றோம், யார் பக்கத்தில் இருந்தார்கள், என்ன சட்டை போட்டிருந்தோம் என்பதெல்லாம் கூடவே ஒட்டிக்கொள்ளும்.

ஆனால் 1986-ல் சேலஞ்சர் விண்கலம் வெடித்த மறுநாளே, அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தில் உல்ரிக் நைசர் தன் மாணவர்களிடம் செய்தியை எப்படிக் கேள்விப்பட்டீர்கள் என்று எழுதி வாங்கினார். சில ஆண்டு கழித்து அதே கேள்வியைத் திரும்பக் கேட்டபோது, சுமார் கால்வாசிப் பேர் சொன்னது எல்லா முக்கிய விவரத்திலும் தவறாக இருந்தது. தவறு என்று காட்டியபோதும் பலர் நம்பவில்லை. அவ்வளவு உறுதி!

ஆகவே “என் தலைக்கு மேல பத்தடி உயரத்துல போச்சு” என்று தாத்தா சொன்னால், பத்தடியை நம்ப வேண்டாம். நெஞ்சு அதிர்ந்தது என்பதை நம்பலாம். அதற்கு இயற்பியல் சாட்சி இருக்கிறது.

ஏன் மறுபடியும் பறக்க விடுவதில்லை?

பிரிட்டன் முயன்று பார்த்தது. எக்ஸ்ஹெச்558 என்ற வல்கன் 1992 வரை விமானப்படை சார்பில் சாகசங்களில் பறந்து, 1993 மார்ச்சில் தரையிறங்கியது. அதன்பின் 14 ஆண்டு காத்திருப்பு. தேசிய லாட்டரி பாரம்பரிய நிதியிலிருந்து 27 லட்சம் பவுண்ட், பொதுமக்கள் அனுப்பிய சில்லறை நன்கொடைகள், 2006-ல் எல்லாம் முடிந்தது என்றிருந்த நேரத்தில் ஜாக் ஹேவர்ட் என்ற செல்வந்தர் கொடுத்த 5 லட்சம் பவுண்ட். இப்படித்தான் 2007 அக்டோபர் 18-ல் அது மீண்டும் எழுந்தது. பார்வையாளர்களின் நினைவு ஒரு விமானத்தையே எழுப்பிவிட்டது என்று சொன்னால் மிகையில்லை.

பிறகும் நிம்மதி இல்லை. 2012 மே மாதம், ஈரத்தை உறிஞ்ச வைத்திருந்த சிலிக்கா ஜெல் பைகளை இன்ஜின் உள்ளிழுத்து, இரண்டு இன்ஜின்கள் வீணாகின. புதிதாகச் செய்ய யாரும் இல்லாத இன்ஜின்! விமானத்தின் பாதுகாப்புக்குத் தொழில்நுட்பப் பொறுப்பேற்றிருந்த நிறுவனங்கள், இனி எங்களால் முடியாது என்று விலகின. அந்தக் காலத்து அனுபவம் உள்ள பொறியாளர்கள் ஓய்வு பெற்றுவிட்டார்கள் என்பது முக்கியக் காரணம். 2015 அக்டோபர் 28-ல் கடைசிப் பறப்பு. நாளை முன்கூட்டியே பெரிதாக அறிவிக்கவில்லை. கூட்டம் திரண்டு சாலைகள் முடங்கிவிடும் என்ற பயம்.

அந்தப் பயத்துக்கு அர்த்தம் இருந்தது. அதற்கு இரண்டு மாதம் முன்புதான், 2015 ஆகஸ்ட் 22-ல், ஷோர்ஹாமில் சாகசம் செய்த பழைய ‘ஹன்டர்’ ஜெட், பக்கத்து நெடுஞ்சாலையில் விழுந்து 11 பேர் இறந்தார்கள். இந்தியாவும் ஒரு காலத்தில் பறக்கவிட்ட அதே ஹன்டர் ரகம்தான். இறந்தவர்கள் மைதானத்துக்குள் இருந்தவர்கள் இல்லை. வெளியே சாலையில் இருந்தவர்கள். அதற்குப் பிறகு பழைய ஜெட்கள் தரைக்கு மேல் சாகசம் செய்வதற்கு பிரிட்டன் கடும் கட்டுப்பாடு போட்டது.

இந்திய விமானப்படையும் பாரம்பரிய விமானங்களைப் பறக்கும் நிலையில் வைத்திருக்கிறது. ‘பரசுராமா’ என்று பெயரிட்ட டகோட்டா, ஹார்வர்ட் போன்றவை. எல்லாம் புரொப்பல்லர் விமானங்கள். பராமரிக்க ஓரளவு எளிது, மெதுவாகப் பறக்கும். ஜெட் குண்டுவீச்சு விமானம் அந்தப் பட்டியலில் இல்லை.

மெரினாவில் மிஞ்சிய நினைவு

2003-க்குப் பிறகு 21 ஆண்டு கழித்து, 2024 அக்டோபர் 6 ஞாயிற்றுக்கிழமை மெரினாவில் விமானப்படையின் சாகசம் நடந்தது. 2003-ல் கான்பெரா இன்னும் சேவையில் இருந்தது. 2024-ல் அது ஓய்வு பெற்று 17 ஆண்டு. பழையவற்றின் பிரதிநிதிகளாக டகோட்டாவும் ஹார்வர்டும் வந்தன. ரஃபேல், சுகோய், தேஜஸ், சூர்யகிரண் என்று 72 விமானங்கள். பார்க்க வந்தவர்கள் 10 முதல் 15 லட்சம் வரை இருக்கலாம் என்று மதிப்பிடப்பட்டது. காலை 11 மணி முதல் 1 மணி வரை, நடுவெயில். நிழல் இல்லாத மணல்.

காட்டுப்பள்ளி, மீஞ்சூர், பொன்னேரி, கும்மிடிப்பூண்டி பக்கமிருந்து போனவர்களுக்கு இன்னொரு சிரமமும் இருந்தது. காட்டுப்பள்ளியிலிருந்து மெரினா நேர்கோட்டில் 30 கிலோமீட்டர்தான். வழக்கமாக மின்சார ரயிலில் கடற்கரை நிலையம் வந்து, அங்கேயே பறக்கும் ரயில் மாறி சேப்பாக்கத்தில் இறங்கிவிடலாம். ஆனால் நான்காவது பாதை வேலைக்காக 2023 ஆகஸ்ட் முதல் கடற்கரைக்கும் சிந்தாதிரிப்பேட்டைக்கும் இடையே பறக்கும் ரயில் நிறுத்தப்பட்டிருந்தது. அன்று வடக்கே இருந்து வந்த கூட்டம் பேருந்து, ஆட்டோ, இல்லையென்றால் நடை. சிந்தாதிரிப்பேட்டை, வேளச்சேரி நிலையங்களில் நிற்கக்கூட இடமில்லை. அந்தப் பாதை மறுபடி திறந்தது அக்டோபர் 29-ல். சாகசம் முடிந்து 23 நாள் கழித்து.

நிகழ்ச்சி முடிந்து ஒரே நேரத்தில் அத்தனை பேரும் கிளம்பியபோது நெரிசல், தாகம், மயக்கம். ஐந்து பேர் உயிரிழந்தார்கள். பலர் மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். விமானப்படை கேட்டதை விடக் கூடுதலாகவே வசதி செய்ததாக அரசு சொன்னது; தண்ணீர்கூடக் கிடைக்கவில்லை என்று எதிர்க்கட்சிகள் குற்றம்சாட்டின. இறந்தவர்களின் குடும்பத்துக்கு தலா 5 லட்சம் ரூபாயை முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் அறிவித்தார்.

மேலே பறந்த ஒரு விமானத்துக்கும் அன்று ஒன்றும் ஆகவில்லை. ஷோர்ஹாமில் வானிலிருந்து வந்த ஆபத்து, மெரினாவில் தரையிலேயே இருந்தது. குழந்தையைத் தோளில் தூக்கி ரஃபேலைக் காட்டிய ஒரு அப்பாவுக்கு அந்த உறுமலும் ஞாபகம் இருக்கும், தண்ணீர் பாட்டிலுக்கு அலைந்ததும் ஞாபகம் இருக்கும். உளவியலாளர்கள் சொன்ன ஃபிளாஷ், எதைப் படம் பிடிக்கலாம் என்று கேட்டுக்கொண்டு பிடிப்பதில்லை.

இப்போது எங்கே பார்க்கலாம்?

கான்பெராவைப் பார்க்க வேண்டுமானால் தமிழ்நாட்டுக்காரர்களுக்கு அருகில் இருப்பது பெங்களூரு. பழைய விமான நிலையச் சாலையில் உள்ள எச்.ஏ.எல். அருங்காட்சியகத்தில் ஒன்று நிற்கிறது. வல்கன் பிரிட்டனில் பல அருங்காட்சியகங்களில் இருக்கிறது.

திருவள்ளூர்க்காரர்களுக்கு நெருக்கமான இன்னொன்றும் உண்டு. அரக்கோணம் ஐ.என்.எஸ். ராஜாளி தளத்திலிருந்து 2017 மார்ச் 29 வரை கடலைக் கண்காணித்துப் பறந்த டியூ-142. இது ஜெட் இல்லை, பெரிய புரொப்பல்லர்கள் கொண்டது. என்றாலும் சோவியத் யூனியனின் டியூ-95 குண்டுவீச்சு விமானத்தின் வழிவந்தது, சத்தத்தில் யாருக்கும் சளைத்ததில்லை. ஓய்வுக்குப் பிறகு அதில் ஒன்று விசாகப்பட்டினம் கடற்கரைச் சாலையில் அருங்காட்சியகமாக நிற்கிறது. டிக்கெட் எடுத்து உள்ளே ஏறியே பார்க்கலாம்.